ரவுட்டரின் பூட்டைத் திறந்த மீ.பெ.கா.

காரணி, மடங்கு, பகா எண் எல்லாம் பள்ளியில் படித்திருப்பீர்கள். "இதெல்லாம் எதற்கு?" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், எக்ஸெல்லைத் திறந்து இந்தக் கணக்கைச் செய்து காட்டுங்கள். சாப்ட்வேர் துறையில் இருக்கும் நான் இதைத்தான் காட்டுவது வழக்கம்.

101, 103 இரண்டும் பகா எண்கள். பெருக்கினால் 10403. இது எளிது. ஆனால் 10403-ஐ மட்டும் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால்? 2, 3, 5, 7 என்று பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். 26-வது முறை, 101-இல்தான் மீதியின்றி வகுபடும்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் ஆகிய மூவர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு இந்தச் சிரமத்தை நம்பித்தான் இயங்குகிறது. இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனை ஊருக்கே காட்டலாம். காரணிகள் மட்டும் ரகசியம். 2048 பிட் சாவியில் அந்தப் பெருக்கற்பலன் 617 இலக்கங்கள் கொண்டது. அதை வகுத்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம்.

சரி, இன்னொரு கருவியும் அதே 101-ஐ எடுத்து, 107-ஆல் பெருக்கி 10807 என்று வைத்துக்கொண்டால்? எக்ஸெல்லில் ஜிசிடி என்ற ஃபங்ஷனில் 10403, 10807 இரண்டையும் கொடுத்து என்டர் தட்டுங்கள். 101 வந்து நிற்கும்! இதுதான் மீப்பெரு பொதுக் காரணி. யூக்ளிட் முறையில் கையால் செய்தாலும் நான்கே வகுத்தல்தான். எண்கள் 617 இலக்கமானாலும் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி போதும். ஒரே அடியில் இரண்டு பூட்டுகளும் திறந்துவிடும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இன்டர்நெட்டில் கிடைத்த லட்சக்கணக்கான சாவிகளை இப்படி ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கானவற்றை உடைத்துக் காட்டின. சிக்கியவை பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள். கீபோர்டு, மவுஸ் இல்லாத இவை, முதல்முறை ஆன் செய்தவுடனேயே சாவியை உருவாக்கின. குத்துமதிப்பாக எண்ணைத் தேர்வு செய்யப் போதிய தகவல் அப்போது அவற்றிடம் இல்லை. அதனால் பல கருவிகள் ஒரே பகா எண்ணை எடுத்துக்கொண்டன.

உங்கள் ரவுட்டர் பழையதா? ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். சாவியைப் புதிதாக உருவாக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். அப்டேட்டே வராத மாடல் என்றால் மாற்றிவிடுவது நல்லது.