ஊரில் உள்ள அப்பாவின் லேப்-டாப்புக்கு லினக்ஸ்: ‘தம்பி, கம்ப்யூட்டர் நின்னு போச்சு’ போன்கள் குறைய வழி

திருச்சுழி,

"தம்பி, கம்ப்யூட்டர் நின்னு போச்சுப்பா. என்னமோ இங்கிலீஷ்ல எழுதுது..."

திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கத்து கிராமங்களில் இருந்து சென்னை, திருப்பூருக்கு வேலைக்கு போன பிள்ளைகளுக்கு இப்படி ஒரு போன் வருவது சகஜம். லீவில் ஊருக்கு வந்தாலும் பாதி நாள் லேப்-டாப் ரிப்பேரிலேயே போய்விடும்.

இதற்கு ஒரு வழி, லேப்-டாப்பை லினக்சுக்கு மாற்றுவது.

இலவச லேப்-டாப்

லினக்ஸ் நமக்கு புதிதல்ல. ஆண்ட்ராய்டு செல்போனுக்கு அடிப்படையே லினக்ஸ்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு கிடைத்த இலவச லேப்-டாப்கள் பலவற்றில் விண்டோசோடு ‘பாஸ்’ லினக்சும் இருந்தது. இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆனால் பல வீடுகளில் அதை திறந்துகூட பார்த்ததில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய லேப்-டாப்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. லினக்சுக்கு மாற்றினால் அவற்றை தூக்கி எறிய வேண்டியதில்லை.

போன் ஏன் குறையும்?

பென் டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ் லினக்சில் சாதாரணமாக ஓடாது. புதிய சாப்ட்வேரை சிஸ்டத்தில் ஏற்ற பாஸ்வேர்டு வேண்டும். அது பிள்ளையிடம் இருந்தால், வீட்டில் தெரியாமல் எதையாவது அமுக்கி வம்பில் மாட்டும் வாய்ப்பு குறைவு.

பட்டா, சிட்டா பார்க்க, கரண்ட் பில் கட்ட, யூ-டியூப் பார்க்க பிரவுசர் போதும். தமிழில் டைப் செய்யவும் வசதி உண்டு.

எப்படி மாற்றுவது?

‘லினக்ஸ் மின்ட்’ இலவசம். பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். 2 ஜி.பி. ரேம் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் நல்லது.

8 ஜி.பி. பென் டிரைவில் ஏற்றி, லேப்-டாப்பில் எதையும் அழிக்காமலே ஓட்டிப்பார்க்கலாம். வை-பை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். கல்யாண போட்டோக்களை முதலில் தனியாக காப்பி எடுத்து வையுங்கள். அப்புறம் மாற்றலாம்.

யாருக்கு ஒத்து வராது?

டாலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்கள் விண்டோசிலேயே இருப்பது நல்லது. ஓ.டி.பி. கேட்டு வரும் மோசடி போனையும் லினக்ஸ் தடுக்காது. அந்த எச்சரிக்கையை பெற்றோருக்கு பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் "அந்த பழைய பட்டன் எங்கே?" என்று நாலு போன் வரத்தான் செய்யும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் பொறுமையாக சொல்லிக்கொடுத்தால், அடுத்த முறை போன் வரும்போது பேச்சு மழையை பற்றி இருக்கும்.