பறையோடு கிதார் சேர்ந்தபோது

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 இசைக் கலைஞர்கள் மேடையேறினார்கள். ஒருபுறம் மின் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ். மறுபுறம் பறை, சட்டி, கட்ட மோளம். நடுவில் கானா பாடகர்களும் ராப் பாடகர்களும். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற அந்தக் குழுவின் முதல் பெரிய நிகழ்ச்சி அது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. இடஒதுக்கீடு, ஆணவக் கொலை, மாட்டுக்கறி, வடசென்னை வாழ்க்கை என்று அதுவரை ராக் மேடையில் யாரும் பாடாத சங்கதிகளை அவர்கள் பாடினார்கள்.

அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. நமது மாவட்டத்திலும் கல்லூரி விடுதிகளில், காலனித் தெருமுனைகளில், டீக்கடை பெஞ்சுகளில் இந்தக் குழுவின் பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே குரல் கேட்பதில்லை. சிலருக்கு இது நம் வாழ்க்கை முதல்முறையாக மேடையேறிய நாள். சிலருக்குப் பாதி நிறைவு, பாதி குறை. சிலருக்குப் பிடிக்கவே இல்லை. முகம் சுளிப்பவர்களில் வெளியாட்கள் மட்டுமல்ல, நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதே இந்த வாரம் நாம் சொல்ல வருவது.

பெயரில் இருக்கும் வரலாறு

ஆங்கிலப் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், அந்தப் பெயர் வந்த இடம் தமிழ்தான். பண்டிதர் அயோத்திதாசர் (1845-1914) 'சாதிபேதமற்ற' என்ற சொல்லை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசியல் சொல்லாக ஆக்கியவர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைப் படித்தவர்களுக்கு அது தெரியும். தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சாதிப் பெயர் வேண்டாம், அவர்கள் சாதிபேதமற்றவர்கள் என்று அவர் வாதாடினார். அந்தச் சொல்லைத்தான் குழு தன் பெயராக எடுத்துக்கொண்டது.

கலைஞர்கள் கோட்டு சூட் அணிந்து வந்ததையும் சிலர் கேலி செய்தார்கள். கானா பாடுகிறவனுக்குக் கோட்டு எதற்கு என்பது கேள்வி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் அம்பேத்கர் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்டுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. கானா பாடகன் என்றால் லுங்கியும் கழுத்தில் கைக்குட்டையுமாகத்தான் வர வேண்டும் என்று சினிமா பழக்கிய கண்ணுக்குத்தான் அது உறுத்துகிறது.

சொல் கேட்கவில்லை

இனி, காது கொடுக்க வேண்டிய குறைக்கு வருவோம். 'சத்தம் பலமாக இருக்கிறது, சொல் காதில் விழவில்லை' என்பது இப்படிப்பட்ட மேடைகளைப் பற்றி ரசிகர்கள் அதிகம் சொல்வது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கானா சொல்லை நம்பி நிற்கும் கலை. சாவு வீட்டில் இரவெல்லாம் பத்துப் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, சட்டியின் தாளத்தில் ஒருவர் குரலெடுத்துப் பாடுவார். இறந்தவரின் பிறப்பு, உழைப்பு, குடும்பம், வேடிக்கை எல்லாம் அதில் வரும். கேட்கிறவர் சிரிப்பதும் அழுவதும் சொல்லுக்காகத்தான்.

ராக் இசையின் கணக்கு வேறு. அங்கே டிரம்ஸும் பேஸும் நெஞ்சில் இடிக்க வேண்டும். பறையோ திறந்தவெளியில் மைக் இல்லாமலே அடுத்த ஊருக்குக் கேட்கும் கருவி. இவை மூன்றையும் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கியில் விட்டால், ஒலியமைப்பாளர் கை தேர்ந்தவராக இல்லாதபோது குரல் அடியில் அமுங்கிப்போகும். 'ஆடினோம், ஆனால் என்ன பாடினார்கள் என்று வீட்டுக்கு வந்து செல்போனில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்' என்று ஒரு மாணவர் சொன்னால், அவரை எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை முழுதாகக் கேட்க ஆசைப்பட்டவர் அவர்.

இரண்டாவது குறை, 'பாட்டு கேட்க வந்தோம், கூட்டத்துக்கு வரவில்லை' என்பது. இதைச் சொல்பவர்கள் எல்லாரும் ஒரே வகை அல்ல. நம் வலியைக் கேட்கவே விருப்பமில்லாதவர்கள் ஒரு வகை. நம் பிள்ளைகளிலேயே, 'எந்நேரமும் வலியைத்தான் பாட வேண்டுமா, நாங்கள் சும்மா மகிழ்ச்சியாக ஆடக் கூடாதா' என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது கேள்வி நியாயமானது. மற்றவர்கள் காதலையும் நிலவையும் பாடலாம், தலித் கலைஞன் மட்டும் எப்போதும் கொடுமையைப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் ஒரு வேலி அல்லவா? நல்லவேளையாக, அந்தக் குழுவின் பாட்டுகளில் கிண்டலும் கொண்டாட்டமும் நிறையவே இருக்கின்றன.

பறை: பெருமையா, காயமா?

மூன்றாவது குறைதான் கனமானது. அது பெரும்பாலும் நமது மூத்தவர்களிடமிருந்து வருகிறது. 'நாங்கள் தோளிலிருந்து இறக்கி வைத்ததை நீங்கள் ஏன் மறுபடி தூக்குகிறீர்கள்?' என்கிறார்கள்.

நகரத்து ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி புரியாமல் போகலாம். கிராமத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். வயல் வேலை கிடந்தாலும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் பறையை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் நின்று அடிக்க வேண்டும். வாசற்படி ஏற முடியாது. கூலி என்று கொடுப்பதும் அவர்கள் இஷ்டம். மறுத்தால் வேலை இல்லை, கடையில் சாமான் இல்லை, அடியும் விழும். இதை எதிர்த்துத்தான் தென்னார்க்காடு பகுதியில் எல்.இளையபெருமாள் பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். தீண்டாமைக் கொடுமைகளை ஆராய 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அவருக்குப் பின்னும் பல ஊர்களில் இளைஞர்கள் பறையை ஊர் நடுவே போட்டு உடைத்தார்கள், எரித்தார்கள். அப்படிப் போராடி அடி வாங்கிய ஒரு பெரியவருக்கு, பேரன் அதே பறையை மேடையில் அடித்துக் கைதட்டு வாங்குவது உடனே இனிக்காது.

இன்னொரு பாதையும் நம் முன்னால் உண்டு. அடிமைத்தனத்தைத்தான் தூக்கிப் போட வேண்டும், கருவியை அல்ல என்பவர்களின் பாதை அது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. புத்தர் கலைக்குழு போன்றவை பறையைப் பண்பாட்டு அரசியலின் கருவியாக்கின. 2025இல் மதுரை மாவட்டப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த இரண்டு பாதையில் எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அடிப்பதா வேண்டாமா என்பதை அடிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும். பள்ளி மைதானத்து மேடையில் பறை அடித்த இளைஞரை யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடவில்லை. இளையபெருமாள் கேட்டதும் அந்த உரிமையைத்தான். இன்றும் ஏதாவது ஓர் ஊரில் சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தினால், சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கட்டாய ஊழியம் வாங்குவதையும், பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவதையும் குற்றம் என்கிறது. மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஊளையும் கைதட்டலும் ராக்குக்குப் புதிதல்ல

ரசிகர்கள் இரண்டாகப் பிரிவது ராக் இசையின் வரலாற்றிலேயே உண்டு. 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், அதுவரை மேடைகளில் மரக் கிதாரோடு பாடிவந்த பாப் டிலன் மின் கிதாரோடும் குழுவோடும் வந்தார். கூட்டத்தில் கைதட்டலும் எழுந்தது, ஊளையும் எழுந்தது. ஏன் ஊளையிட்டார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நாட்டுப்புற இசைக்குத் துரோகம் செய்துவிட்டார் என்ற கோபம் என்கிறார்கள் சிலர். ஒலியமைப்பு மோசம், சொல் கேட்கவில்லை என்கிறார்கள் சிலர். மூன்றே பாட்டில் இறங்கிவிட்டாரே என்ற ஏமாற்றம் என்கிறார்கள் வேறு சிலர். அவர் மரக் கிதாரோடு திரும்பி வந்து பாடிய பிறகே கூட்டம் அமைதியானது.

அந்த ராக் இசையே கருப்பின மக்களின் புளூஸிலிருந்தும் தேவாலயப் பாட்டிலிருந்தும் பிறந்தது. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற கருப்பினப் பெண் மின் கிதாரை மீட்டிப் பாடிய பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். ஆனால், பெயரும் பணமும் அதிகம் போய்ச் சேர்ந்தது வெள்ளைப் பாடகர்களுக்கு. எனவே, கிதார் நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பறைக்கும் அந்த இசைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. இரண்டும் ஒதுக்கப்பட்டவர்கள் வளர்த்த இசை.

எல்லா எதிர்ப்பும் ரசனை அல்ல

ரசிகரின் குறை ஒன்று, மிரட்டல் வேறு ஒன்று. இதே குழுவில் பாடிய இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவில் தொழில்முறையாகப் பாடிப் பெயர் பெற்ற பெண். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிய விவாதம் சூடாக இருந்த காலத்தில் அவர் பாடிய ஒரு பாட்டு, ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் திடீரெனச் சர்ச்சையானது. புகார்கள் கொடுக்கப்பட்டன. அவருக்கு ஆபாச வசைகளும் மிரட்டல்களும் வந்தன.

பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. பாடிய பெண்ணை வாழவிட மாட்டோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'கலவையான வரவேற்பு' என்று எழுதிவிட்டுப் போவது சரியாகாது.

நம் ஊர் மேடைக்கு எப்போது வரும்?

சென்னை மேடையைப் பற்றி இங்கே ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நம் ஊர்த் திருவிழாக்களிலும் மேடை இருக்கிறது. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குக் காவல் துறை அனுமதி மறுத்தால் விழாக் குழுவினர் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். ஆபாசம் கூடாது, சாதி, மதம், அரசியல் கட்சி சார்ந்த பாட்டு கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைக்கிறது. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. நடப்பதோ, கூட்டத்திலிருந்து யாரோ தங்கள் சாதிப் பெருமைப் பாட்டைப் போடச் சொல்வார்கள், போட்டதும் விசில் பறக்கும், மறுநாள் கைகலப்பு. பல ஊர்களில் இப்படித்தான் பகை மூண்டிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். 'சாதிப் பாட்டு கூடாது' என்ற விதியைக் காட்டி, சாதியை எதிர்க்கும் பாட்டையும் சிலர் நிறுத்தச் சொல்கிறார்கள். என் சாதி உயர்ந்தது என்று பாடுவதும், சாதியே வேண்டாம் என்று பாடுவதும் ஒன்றல்ல. முதலாவது அடுத்த தெருக்காரரைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாவது அவரையும் சேர்த்து அழைக்கிறது. நம் இளைஞர்களும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. பதிலுக்குப் பதில் பெருமைப் பாட்டு போடுவது அயோத்திதாசரின் வழி அல்ல.

நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' நடத்திவருகிறது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி வளர்த்த மார்கழி சீசனில் இடம் கிடைக்காத பறையும் கானாவும் ஒப்பாரியும் அதே மாதத்தில் மேடை கண்டன. மதுரையிலும் கோவையிலும்கூட அந்த மேடை போடப்பட்டது. மாவட்டத் தலைநகரங்களுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் அது வர வேண்டும். வரும்போது கலைஞருக்குப் பேசிய கூலி முழுதாகக் கிடைக்க வேண்டும். நல்ல ஒலியமைப்பு வேண்டும். எந்தத் தெருக்காரரும் முன்வரிசையில் உட்காரலாம் என்ற நிலை வேண்டும்.

அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்த மறுநாள், 'கிதார் அதிகம், பறை குறைவு' என்று ஒருவரும், 'அந்த இரண்டாவது பாட்டு சுமார்தான்' என்று இன்னொருவரும் டீக்கடையில் சண்டை போடட்டும். நம் பாட்டைப் பாட்டாக எடைபோடும் சண்டை அது. எந்தச் சாதிக்காரன் பாடினான் என்று யாரும் கேட்காமல் அந்தச் சண்டை நடக்குமானால், அதைவிட நல்ல வரவேற்பு ஒரு கலைஞனுக்கு இல்லை.