உங்களுக்குத் தெரியுமா? கறுத்த சினைப்பையும் பிழைக்கும்!

சினைப்பை நீர்க்கட்டிகள் பெரும்பாலும் சில மாதங்களில் தாமே கரைந்துவிடும். ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டியவை, அதிலும் உள்ளே முடியும் சிலசமயம் பல்லும் வளர்ந்திருக்கும் டெர்மாய்டு கட்டிகள், சினைப்பையோடு முறுக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் தடைப்படும். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென வெட்டி இழுக்கும், கூடவே வாந்தி. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கும் வலியல்ல இது! ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லையென்று சொல்லிவிட முடியாது. லேப்ராஸ்கோப்பி மூலம் முறுக்கைப் பிரிப்பார்கள். கறுநீலமாகிப்போன சினைப்பையை முன்பெல்லாம் வெட்டி எடுத்தார்கள்; இப்போது கூடியவரை விட்டுவைக்கிறார்கள், பெரும்பாலும் அது தேறிவிடுகிறது. சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே, புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பெண்களுக்கான அவசரச் சிகிச்சை 24 மணி நேரமும் உண்டு. மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.