நாகசுரம் பிறக்கும் பட்டறையும் நம் மலையடிவார நிலமும்

திருமணமாயினும் கோயில் திருவிழாவாயினும், நாகசுரம் ஒலித்த பின்னரே மங்கலம் நிறைவு பெறுகிறது. திருவண்ணாமலைத் தீபத் திருவிழாவில் அவ்வொலியைக் கேட்டு மகிழாத ஜவ்வாது மலை மக்கள் சிலரே இருப்பர். எனினும் அக்கருவி எங்கே, எம்மரத்தில், எவர் கையால் உருவாகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதனை அறிவது நம் ஊராட்சிகளுக்கும் பயன் தரும்.

நரசிங்கம்பேட்டையின் தொழில்

தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூர் வட்டத்தில், கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள சிற்றூர் நரசிங்கம்பேட்டை. இவ்வூர்ச் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நாகசுரம் கடைந்து வருகின்றன. தந்தை பட்டறையில் உளி பிடிக்க, மகன் அருகிருந்து பார்த்துப் பழகுவதே இங்குப் பயிற்சி.

இக்குடும்பங்களுள் புகழ் பெற்றவர் ரங்கநாதன் ஆசாரி. முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி நாகசுரம். அது குட்டையானது, உச்சமான சுருதி உடையது. அதில் சுத்த மத்தியமம் என்னும் சுரம் நேராகப் பேசாது. வித்துவான்கள் மூச்சாலும் விரலாலும் முயன்றே அதனை வரவழைத்தனர். அருகிலுள்ள திருவாவடுதுறையில் வாழ்ந்தவர் நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவருடைய தேவையை உணர்ந்து, குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றி ஆய்ந்து, சுத்த மத்தியமம் தெளிவாகப் பேசும் பாரி நாகசுரத்தை ஆசாரி உருவாக்கினார். வாசிப்பவரும் செய்பவரும் அருகருகே வாழ்ந்ததால் விளைந்த நன்மை இது. இன்று கச்சேரி மேடைகளில் பெரிதும் வழங்குவது பாரியே. அவர் வழியினர் அத்தொழிலைத் தொடர்ந்தனர். 2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிற இடத்தில் செய்த கருவியை இப்பெயரால் விற்றல் இனிச் சட்டப்படி குற்றமாகும்.

செய்முறை

நாகசுரத்தின் உடற்பகுதி உலவு எனப்படும். இது ஆச்சா மரத்தால் ஆவது. மேலிருந்து கீழ்நோக்கி விரிந்து செல்லும் துளையை இதில் இடுதலே மிக நுட்பமான வேலை. துளை சிறிது பிசகினும் சுரம் பிசகும். அடியில் பொருத்தும் புனல் போன்ற அணசு வாகை மரத்தாலானது. உச்சியில் உலோகக் கெண்டையும், அதன்மேல் நாணலை வேகவைத்து உலர்த்திச் செய்த சீவாளியும் அமையும். மொத்தம் 12 துளைகள். அவற்றுள் 7 விரல் வைத்து வாசிப்பதற்கு. எஞ்சியவற்றை மெழுகால் வேண்டிய அளவு அடைத்துச் சுருதியைச் சீர் செய்வர். முன்னர்க் கையால் இழுத்துச் சுழற்றிய கடைசலை இன்று மின்சார மோட்டார் சுழற்றுகிறது. ஆயினும் சுரத்தைத் தேர்வது ஆசாரியின் செவியே.

மரத்தின் முட்டுப்பாடு

பச்சை மரம் இதற்கு உதவாது. ஈரம் முற்றும் வற்றாத மரம் பின்னர்ச் சுருங்கும், வெடிக்கும். ஆகவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும் ஆசாரிமார் தேடி வாங்குகின்றனர். பல பத்தாண்டுகள் காய்ந்த மரமே நல்ல நாதம் தரும். இப்போது எழும் வீடுகளோ சிமெண்டாலும் இரும்பாலும் ஆனவை. பழைய வீடுகள் தீர்ந்தபின் மரத்திற்கு எங்கே போவது? தொழில் அறிந்த கை இருந்தும் பொருளின்றித் தொழில் நலியும் அபாயம் இது.

நாம் செய்யக் கூடியது

ஆச்சா நம் தென்னாட்டு வறண்ட காடுகளுக்கு உரிய மரம். மிக ஆழமாக வேர் விட்டு, பாறை கலந்த வறண்ட மண்ணிலும் நிற்கும். ஆகவே மலையின் மேற்பகுதியைக் காட்டிலும் அடிவாரச் சரிவுகளே அதற்கு ஏற்றவை. விதையை நேரே நிலத்தில் ஊன்றலாம். நாற்றாயின் ஆணிவேர் முறியாமல் நடவேண்டும். இளஞ்செடியை ஆடு மாடு மேயாமல் காப்பது முதல் சில ஆண்டுகளுக்கு இன்றியமையாதது.

இம்மரம் மெதுவாக வளர்வது. அடுத்த தேர்தலுக்குள் பலன் தராத மரத்திற்குத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் முற்றும் வரை அது வீணே நிற்பதில்லை. அதன் தழை கால்நடைகளுக்கு நல்ல தீவனம். பட்டையின் நார் கயிறு திரிக்க உதவும். காப்புக் காட்டு மரத்தில் கை வைக்கலாகாது. பட்டா நிலத்தின் வரப்பிலும் ஊராட்சிப் பொது நிலத்திலும் நடலாம். பிற்காலத்தில் வெட்டுவதற்குரிய விதிகளை வனத்துறையினரிடம் முன்னரே கேட்டறிந்து, நட்ட விவரத்தை ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி வைப்பது நலம்.

அன்று தூணுக்கென மரம் வளர்த்தவர், அது நாகசுரமாகும் என்று நினைத்திருக்க மாட்டார். நாமோ அறிந்தே நடலாம். நம் பேரர் காலத்துத் திருமணங்களிலும் நாகசுரம் ஒலிக்க வேண்டுமாயின், ஒவ்வோர் அடிவார ஊராட்சியும் வரும் மழைக்காலத்தில் பத்து ஆச்சா மரங்களையேனும் நட்டுக் காப்பதாக முடிவு செய்யட்டும்.