தடுப்பூசி ஆய்வும் தெளிந்த இசைவும்



ஒரு நோய்க்குத் தடுப்பூசி கண்டனர் என்னுஞ் செய்தி கேட்டால், ஆய்வுகூடத்தில் உழைத்த அறிஞரை நாம் போற்றுகின்றோம். அவ்வூசி பயன் தருமோ தராதோ என்று எவரும் அறியாத நாளில், அதனைத் தம் உடம்பில் ஏற்றிக்கொள்ள இசைந்தவரை நினைப்போர் சிலரே. அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

எயிட்ஸ் நோய்க்குக் காரணமானது எச்.ஐ.வி. என்னும் வைரசு. அதற்குரிய தடுப்பூசியின் ஆற்றலை, அக்கிருமி தொற்றும் வாய்ப்பு மிகுந்தோரிடையே சோதித்தால் விடை விரைவிற் கிடைக்கும். அவர் யாவர்? போதைமருந்தை ஊசிவழி ஏற்றுவோர், பாலியல் தொழில் புரிவோர், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் முதலியோர். உலகம் எவரை ஒதுக்கி வைத்ததோ, அவரிடமே உதவி வேண்டி நிற்கின்றது!

1999ஆம் ஆண்டில் தாய்லாந்தின் தலைநகரான பாங்கொக்கில் இத்தகைய ஆய்வொன்று தொடங்கிற்று. போதைமருந்தை ஊசிவழி ஏற்றும் பழக்கமுடைய 2,546 பேர் அதிற் சேர்ந்தனர். பாதிப்பேருக்கு எயிட்சுவாக்ஸ் என்னுந் தடுப்பூசி. மறுபாதியினருக்கு மருந்தில்லாப் போலியூசி. எவருக்கு எது என்பதைப் பெறுபவரும் அறியார், கொடுப்பவரும் அறியார்.

இத்தகைய ஆய்வுக்கு அழைக்கப்படுவோர் மனத்தில் எழும் ஐயங்கள் பல. 'ஊசியாலேயே நோய் வந்துவிடுமோ?' வாராது. எயிட்சுவாக்சில் இருந்தது வைரசின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தின் வடிவமே, உயிருள்ள கிருமியன்று. 'பின்னர் இரத்தத்தைச் சோதித்தால் நோயாளி என்று காட்டுமோ?' இவ்வச்சத்தில் உண்மையுண்டு. தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பொருள்களைக் கண்டு சில சோதனைகள் அவ்வாறு காட்டக்கூடும். 'என் பெயர் அயலவர்க்கும் காவற்றுறைக்கும் எட்டுமோ?' இதற்கு விடை விஞ்ஞானத்தில் இல்லை; ஆய்வாளரின் நேர்மையில் இருக்கின்றது.

அச்சத்தினும் கொடியது பொய்ந்நம்பிக்கை. 'ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை' என்றெண்ணி ஒருவர் பிறர் பயன்படுத்திய ஊசியைக் கையாண்டால், அவர் கதி யாது? வகுப்பிலே, 'விளங்கியதா?' என்று கேட்டால் மாணவர் யாவரும் 'ஆம்' என்பர். 'விளங்கியதைச் சொல்லு' என்றாற்றான் உண்மை தெரியும். ஆதலின், கையொப்பம் பெறுமுன் விளக்கத்தைக் கேள்விகளால் அளந்தறிதல் வேண்டும். தெளிவில்லா இசைவு இசைவாகாது. 'மாட்டேன்' என்று சொல்லவும், இடையில் விலகவும் உரிமையிருத்தல் வேண்டும்.

2003இல் பாங்கொக் ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஆய்வுக்காலத்தில் தொற்றுக்கு ஆளானோர் 211 பேர். தடுப்பூசி பெற்றோருள் 106. போலியூசி பெற்றோருள் 105. ஊசி காக்கவில்லை.

அவர்கள் உதவி வீணாயிற்றா? இல்லை. அதனைத் தனியே நம்பிப் பயனில்லை என்று உலகம் அறிந்தது. அதே ஊசியை வேறொரு தடுப்பூசியோடு சேர்த்துத் தாய்லாந்தில் 16,000க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. தொற்று ஏறத்தாழ 31 வீதம் குறைந்தமை தெரிந்தது. அது பொதுமக்களுக்கு வழங்கப் போதாத அளவே. எனினும் முதல் நம்பிக்கைக் கீற்று. பின்னர் வந்த ஆய்வுகள் கைகொடுக்காமையால் தேடல் இன்னும் தொடர்கின்றது.

நேயர்களே, என்றேனும் அத்தடுப்பூசி கைகூடுமாயின், அதன் வரலாற்றில் பெயரறியாத பல்லாயிரவர் நிற்பர். நாம் இகழ்ந்து விலக்கிய மனிதரும் அவர்களுள் இருப்பர் என்பதை மறவாதிருப்போமாக.