காத்திருப்பவர்கள் நடத்தும் வகுப்பு

2025 ஜூலை 12, சனிக்கிழமை. பகல் பன்னிரண்டரைக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வு முடிந்தது. எழுதியவர்களுக்கு அத்தோடு வேலை ஓய்ந்தது. பயிற்சி மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்போதுதான் தொடங்கியது. வினாத்தாள் கைக்கு வந்ததும் தமிழ் ஒருவருக்கு, வரலாறும் அரசியலமைப்பும் இன்னொருவருக்கு, கணக்கு மற்றொருவருக்கு என்று பிரித்துக்கொண்டு 200 கேள்விகளுக்கும் விடை போட வேண்டும். எந்த விடை எந்த வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். தேர்வாணையத்தின் உத்தேச விடைகள் வரச் சில நாட்கள் ஆகும். மாணவர்கள் அதுவரை பொறுக்க மாட்டார்கள். சாயங்காலத்துக்குள் ‘கீ’ போடாத மையம் அடுத்த அட்மிஷனில் பின்தங்கிவிடும்.

அப்படி உட்கார்ந்து விடை போடுபவர்களில் சிலர், காலையில் அதே தேர்வை எழுதிவிட்டு வந்தவர்கள்.

போட்டித்தேர்வுப் பயிற்சி என்ற தொழிலின் உள்கட்டு இதுதான். அரசு வேலைக்கு வழிகாட்டும் இடத்தில், அந்த வேலை இன்னும் கிடைக்காதவர்களே பலகைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

திருவண்ணாமலைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது அண்ணாமலையாரைத் தரிசிக்க, 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற. செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு பக்கமிருந்து காலைப் பேருந்தில் வந்திறங்கும் பட்டதாரிகளின் நோக்கம் வேறு. 1989-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் பெரும்பாலும் விவசாயத்தை நம்பியது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருக்கிறது. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து தினமும் போய்வரும் தூரமில்லை. பிள்ளைக்கு நிலையான சம்பளம் என்றதும் பெற்றோர் மனதில் முதலில் வருவது வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்தான்.

அந்த ஆசைக்கு முன்னால் நிற்கும் கூட்டம் பெரிது. 2022 குரூப் 4-க்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. 2025-ல் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு 3,935 இடங்கள். ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இத்தேர்வின் பெரும்பாலான பதவிகளில் உச்ச வயது வரம்பும் கிடையாது. சமூகநீதி நோக்கில் அது நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாட்டால், ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லிக்கொள்ள முப்பத்தைந்து வயதிலும் வழி இருக்கிறது. அந்த இடைக்காலத்தில் சோறு போடும் வேலையாகத்தான் பலருக்கும் பயிற்சி மையம் அமைகிறது. பாடம் நடத்தினால் தன் படிப்பும் விட்டுப்போகாது, கையில் கொஞ்சம் காசும் வரும்.

எவ்வளவு நாளைக்கு வரும் என்பதுதான் தெரியாது. மையத்தின் காலண்டர் தேர்வாணையத்தின் நோட்டிஃபிகேஷனைப் பார்த்து நகர்கிறது. 2019 செப்டம்பரில் குரூப் 4 நடந்தது; கொரோனா குறுக்கிட்டு, அடுத்தது நடந்தது 2022 ஜூலையில். அதன் முடிவு 2023 மார்ச்சில்தான் வந்தது. அந்த ஆண்டு குரூப் 4 தேர்வே இல்லை. குரூப் 2, காவலர் தேர்வு என்று இடையில் வந்தாலும் வகுப்பறையை நிரப்புவது குரூப் 4. அறிவிப்பு வந்தால் காலையும் மாலையும் பேட்ச் ஓடும். வராவிட்டால் பெஞ்சுகள் காலியாகும். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு வகுப்பு குறைந்தால் வருமானமும் குறையும். வீட்டு வாடகை மட்டும் குறையாது.

வெளியே தெரியாத உழைப்பும் நிறைய. 2018-19 தொடங்கி இரண்டே ஆண்டுகளில் பள்ளிப் பாடப்புத்தகங்கள் முழுவதும் மாறின. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான புத்தகங்களே இத்தேர்வுக்கு அடிப்படை என்பதால், வருஷக்கணக்கில் சேர்த்த மெட்டீரியலை எல்லாம் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் அரசாணை தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி, 40 விழுக்காடு எடுத்தால்தான் மீதித்தாள் திருத்தப்படும் என்றது. தமிழிலக்கியம் படித்துவிட்டு வேலை தேடியவர்களுக்கு ஃபேக்கல்டி ஆகும் வாய்ப்பு அதனால் கூடியது.

2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேட்டில் 99 பேருக்கு ஆயுள்காலத் தடை விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவது வட்டம் சேர்ந்தது. தெரியாத கேள்விக்கு அதைக் கறுப்பாக்க வேண்டும். எந்த எழுத்தை எத்தனை முறை கறுப்பாக்கினோம் என்று கடைசியில் எண்ணி எழுதவும் சொன்னார்கள். பாடம் தெரிந்த பிள்ளை இதில் தடுமாறி மதிப்பெண்ணைக் கோட்டைவிடக் கூடாதென்று, டெஸ்ட் பேட்ச்சில் வாராவாரம் பழக்குவதும் ஆசிரியரின் வேலை.

மையத்தின் முன்னறையில் போனோடு உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணின் சிரமம் வேறு மாதிரி. ஒருமுறை விசாரித்துவிட்டுப் போனவர்களை எல்லாம் திரும்பத் திரும்ப அழைத்து அட்மிஷனாக மாற்ற வேண்டும். எதிர்முனையில் பேசும் அம்மா, “கட்டினா வேலை நிச்சயமா கெடைக்குமா?” என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் அட்மிஷன் போகும். ‘கிடைக்கும்’ என்றால் மனசாட்சி உறுத்தும். பயிற்சி நிறுவனங்கள் வேலை உத்தரவாதம் தரக் கூடாது, தேர்வானவரின் எழுத்துபூர்வ சம்மதமின்றிப் படத்தை விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்கு அது சட்டம் தந்த துணை. “அப்படிச் சொல்லக் கூடாதும்மா” என்று இனி அவர் தைரியமாகச் சொல்லலாம்.

ஆசிரியருக்கோ சட்டத்தின் துணை மெலிதாகவே இருந்துவந்திருக்கிறது. கோவாவில் வேலை இழந்த பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில், தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தர் வேலை பார்ப்பவர் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வந்தார். பாடம் நடத்துபவர் வரவில்லை. நியமனக் கடிதம்கூட இல்லாத மணிக்கணக்கு ஆசிரியர், ‘அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம்’ என்ற ஒரு போன் அழைப்புக்குப் பிறகு யாரிடம் போய் நிற்பார்?

2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறையில் ஒரு நல்ல வரி உண்டு: மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் வார விடுமுறை தர வேண்டும், அந்தந்த வட்டாரத்தின் முக்கியப் பண்டிகைகளுக்கு ஏற்ப விடுப்பை அமைக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் வருவது அன்றுதான் என்பதால் பயிற்சி ஆசிரியருக்கு அது பரபரப்பான நாள். வாரத்தில் வேறொரு நாளையாவது சம்பளத்தோடு விட வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு ஊரே திரளும் திருவண்ணாமலையில் தீபத்தன்று விடுமுறை கேட்கவே வேண்டியதில்லை. அன்றைய கூலி கிடைக்குமா என்பதே மணிக்கணக்கு ஆசிரியரின் கேள்வி.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்திலும் இலவச வகுப்பு நடக்கிறது. காசு கட்ட முடியாத குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே பாடம் எடுப்பவருக்கும் கிடைப்பது மதிப்பூதியமே. நிரந்தரப் பணி இல்லை.

ஆசிரியர்களில் யாராவது தேர்வானால் மையமே கொண்டாடும். மாலை, கேக், வாசலில் ஃபிளெக்ஸ். அவர் பணியில் சேர்ந்ததும் அந்தப் பாடத்துக்கு ஆள் தேட வேண்டும். அதற்கு வெளியே விளம்பரம் கொடுக்கத் தேவை இருக்காது. டெஸ்ட் பேட்ச்சில் தொடர்ந்து முதலிடம் வாங்கி, கட்-ஆஃபில் இரண்டு மூன்று கேள்விகளில் தவறவிட்ட ஒருவரை நிர்வாகத்துக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத்தான் போன் போகும்.