குடும்பத்துக்கு ஏற்ற மின்சார வாகனம்

செகந்தராபாத்தில் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் முதலிய பேட்டைகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலும், வேலையின் நிமித்தம் கச்சிபௌலிப் பக்கம் வந்து குடியேறிய இளந்தம்பதிகளின் வீடுகளிலும், பழைய காரைக் கொடுத்துவிட்டு மின்சார எஸ்.யூ.வி. வாங்கலாமா என்ற ஆலோசனை எழுவதற்கு முக்கியமான காரணம், தெலங்கானா அரசு 2024 நவம்பரில் பிறப்பித்த உத்தரவேயாகும். 2026 டிசம்பர் 31 வரையில் பதிவாகும் மின்வாகனங்களுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அறவே இல்லை என்று அது விதித்தது. இருபது லட்ச ரூபாய்ப் பெட்ரோல் கார் ஒன்றுக்கு மூன்று லட்சத்துக்கு மேல் சாலை வரியாகவே போய்விடும் ஊரில் இது அற்பமான சலுகையன்று, ஜி.எஸ்.டி.யும் மின்வாகனத்துக்கு ஐந்து சதவீதந்தான்.

இந்த விலை வட்டாரத்தில் ஒன்றோடொன்று போட்டியிடுபவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த டாடா கர்வ்; அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பி.இ. 6; ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் தயாராகி 2025 ஜனவரியில் வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக். இவற்றின் பெரிய பாட்டரிகள் முறையே 55, 79, 51.4 கிலோவாட் மணி கொள்ளளவுடையவை. ஒரு கிலோவாட் மணி என்பது நம் மின்கட்டண ரசீதில் காணும் ஒரு யூனிட்டேயாகும். ஒருமுறை நிரப்பினால் கர்வ் 585 கிலோமீட்டரும், பி.இ. 6 ஏறத்தாழ 680-உம், கிரெட்டா 473-உம் ஓடும் என்று அறிமுகத்தின்போது விளம்பரங்கள் கூறின.

குடும்பஸ்தர்கள் மயங்குமிடம் இந்த எண்களே. இவை பொய்யல்ல, ஆனால் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல், மிதமான வேகத்தில் ஓட்டிக் கணித்தவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவதால், நகருக்குள் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும் வாகனம், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஏ.சி.யும் ஓட, ஆறையே எட்டும். டாடா நிறுவனமே, 585 என்று சொன்ன அதே கர்வுக்கு, நடைமுறையில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாமென்று அறிவித்திருக்கிறது.

இக்கணக்கை நம் பிரயாணங்களின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிருந்து விஜயவாடா 275 கிலோமீட்டர். கிரெட்டாவின் பாட்டரியில் பத்து சதவீதத்தை மிச்சம் வைத்தால் எட்டக்கூடிய தூரமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே பாதி வழியில் சூர்யாபேட்டையில் சிற்றுண்டிக்கு இறங்கும் வேளையில் சிறிது சார்ஜ் ஏற்றிக்கொள்வதே விவேகம். திருப்பதி ஏறத்தாழ 560 கிலோமீட்டர். கிரெட்டாவுக்கு இரண்டு நிறுத்தங்கள் வேண்டும், பி.இ. 6-க்கு ஒன்று போதும். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் தணிந்துவிடுமாதலால், வழியில் யாரும் பாட்டரியை முழுதாக நிரப்ப முயல்வதில்லை. மஹிந்திரா சொல்லும் இருபது நிமிஷ சார்ஜ், 175 கிலோவாட் சக்தியுள்ள சார்ஜரில் மட்டுமே சாத்தியம். 30 கிலோவாட் சார்ஜர் வாய்த்தால் அதே வேலைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும்.

ஆயினும், நெடும்பயணம் வருஷத்தில் சில நாட்களுக்கே உரியது. ஏனைய நாட்களில் வாகனத்தின் சௌகரியத்தை நிர்ணயிப்பது, இரவில் அது நிற்குமிடத்தில் மின்சாரம் உண்டா என்பதொன்றே. தனி வீட்டுக்காரருக்குக் கவலையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்களோ, செல்லாரில் தமக்குரிய பார்க்கிங் இடத்துக்குத் தம் சொந்த மீட்டரிலிருந்து கம்பி இழுத்துக்கொள்ள அசோசியேஷன் இசையுமா என்பதை, ஷோரூமுக்குப் போகுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டிலுள்ள மின்னிணைப்பிலேயே வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்சக்தி அமைச்சகத்தின் நெறிமுறைகள் தெளிவாகவே கூறுகின்றன. அதைக் காட்டி, தரமான கம்பியும் எர்த்திங்கும் அமைத்துத் தருவதாக உறுதியளித்துக் கேட்டால், பயத்தினால் மறுப்பவர்களின் மனம் மாறக்கூடும்.

சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். பாட்டரி முழுவதும் நிரம்ப ஓர் இரவு போதாதென்று கேட்டவர்கள் திகைப்பதுண்டு. ஆனால் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓடும் வாகனத்துக்கு வேண்டியது ஏழெட்டு யூனிட்டே. மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும். லிட்டர் நூற்றேழு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு நகர நெரிசலில் கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய் செலவழிப்பவர், வீட்டு மின்சாரத்தில் ஒன்றரை ரூபாய்க்குள் அதே தூரத்தைக் கடப்பார். பொதுச் சார்ஜர்களையே நம்பி வாழ்ந்தால் இந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துபோவதோடு, வாரந்தோறும் காத்திருப்பும் சேர்ந்துகொள்ளும். செல்லாரில் பிளக் கிடைக்காத குடும்பம் இப்போதைக்கு மின்வாகனம் வாங்காதிருப்பதே நலம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடுத்தபடியாகப் பின்னிருக்கை. பாட்டரி தரைக்குக் கீழே பரப்பப்பட்டிருப்பதால் தளம் உயர்ந்து, உட்காருபவரின் முழங்கால் மேலெழும்பித் தொடை இருக்கையில் முழுவதும் படியாமற் போவது இவ்வகை வாகனங்களில் பரவலாகக் காணும் குறை. மூட்டுவலியுள்ள பாட்டிக்கு இது சூர்யாபேட்டை போய்ச் சேருமுன்பே தெரிந்துவிடும். கர்வும் பி.இ. 6-உம் பின்புறம் சரிந்திறங்கும் கூரையுடையவை. பார்வைக்கு அழகாயினும், உயரமான தாத்தாவின் தலைக்கு மேலே இடம் குறையும். சோதனை ஓட்டத்துக்கு மகனும் மருமகளும் மாத்திரம் போய் வருவது பெருந்தவறு; பெரியவர்களை அழைத்துச் சென்று அரைமணி நேரமாவது பின்னே அமர்த்திப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2023-இல் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனையில் கர்வும் பி.இ. 6-உம் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. கிரெட்டா எலெக்ட்ரிக்கை நாடுபவர் அச்சோதனை பற்றி விசாரித்தறிய வேண்டும். பாட்டரிக்குக் கிரெட்டாவில் எட்டு ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம். மஹிந்திரா முதல் உரிமையாளருக்கு ஆயுட்கால உத்தரவாதம் அளிக்கிறது.

பெரும்பாலும் நகருக்குள் ஓடி, எப்போதாவது விஜயவாடா போய்வரும், பெரியவர்கள் உடனிருக்கும் குடும்பத்துக்கு, கூரை சரியாத கிரெட்டாவே பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது. திருப்பதிக்கும் சென்னைக்கும் அடிக்கடி மூட்டை முடிச்சுகளுடன் புறப்படுபவர்கள், பி.இ. 6-ஐ விட, அதன் உடன்பிறப்பாகிய எக்ஸ்.இ.வி. 9இ-யைப் பார்க்கலாம், விலை அதிகமாயினும் 663 லிட்டர் கொள்ளும் டிக்கி அதற்கு உண்டு. வரிவிலக்கு பதிவுத் தேதியைப் பொறுத்ததாகையால், புக்கிங் செய்தபின் வண்டி கைக்கு வரும் வரை ஆகும் காலத்தை டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அசோசியேஷனின் சம்மதக் கடிதமும் கையில் வந்த பிறகு முன்பணம் கட்டலாம்.